சுகர் இருந்தா எலும்பு கூட ஏன் லேட் ஆகுது?

கேள்வி: அம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். கணுக்கால் எலும்பு உடைஞ்சு பத்து வாரம் ஆச்சு, எக்ஸ்ரேல இன்னும் முழுசா கூடலையாம். ஆரம்பத்துல ரத்தம் உறையாம இருக்க வயித்துல ஊசி போட்டாங்க. உடைஞ்ச இடத்துல ரத்தம் கட்டினாத்தானே எலும்பு கூடும், அந்த ஊசியாலதான் லேட்டா?

பதில்: ஊசி மேல பழி போடாதீங்க. அது ஹெபாரின் வகை ஊசியாத்தான் இருக்கும், புதுசா ரத்தக்கட்டி வராம தடுக்கும், ஏற்கனவே கட்டினதை கரைக்காது. மாசக்கணக்கா போட்டா எலும்புக்கு ஆகாதுதான், ஆனா கொஞ்ச வாரம் போட்டதால பெருசா ஒண்ணும் ஆகாது.

இதுல நிறைய பேர் தப்பா நினைக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. எலும்பு உடைஞ்சதும் அங்க ரத்தம் கசிஞ்சு, ஃபைப்ரினோஜன்ங்கிற புரதம் ஃபைப்ரின் நூலா மாறி வலை மாதிரி கட்டிக்குது, சரி, ஆனா அந்தக் கட்டியே எலும்பா மாறுறதில்ல. 2015ல வந்த ஒரு ஆய்வுல ஃபைப்ரினோஜனே இல்லாத எலிக்கும் எலும்பு கூடிடுச்சு. ஃபைப்ரினை கரைக்கிற பிளாஸ்மினோஜன் இல்லாத எலிக்குத்தான் கூடல. கட்டி போகாம அங்கேயே கிடந்தா புது ரத்தக்குழாய் உள்ள நுழைய வழியில்ல, ரத்தக்குழாய் வராம, உடைஞ்ச இடத்துல முதல்ல உருவாகுற குருத்தெலும்பு எலும்பா மாறாது.

சுகர் கை வைக்கிற இடமும் இதுதான். டைப் 2ல, அதுவும் தொப்பை இருந்தா, கரைக்கிற வேலைக்கு பிரேக் போடுற பிஏஐ-1ங்கிற புரதம் ரத்தத்துல ஜாஸ்தியா இருக்கும், போதாததுக்கு சர்க்கரை ஒட்டின ஃபைப்ரின் நெருக்கமா பின்னிக்கிட்டு லேசுல கரையாது. இது இல்லாம சின்ன ரத்தக்குழாய் பழுது, எலும்பு கட்டுற செல்லுங்க மந்தமாகுறதுன்னு மத்த தொல்லைகளும் சேர்ந்துக்குது.

அம்மா விஷயத்துல எனக்கு பெரிய கவலை பாதம் மரத்துப் போயிருக்கான்னுதான். வலிக்கலைன்னு காலை ஊனி நடந்துடுவாங்க, உள்ள எலும்பு நகர்ந்துட்டே இருக்கும். டாக்டர்கிட்ட சொல்லி நைலான் இழையால பாதத்தை தொட்டு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. உணர்ச்சி கம்மின்னு தெரிஞ்சா, சாதாரணமா சொல்ற நாளைவிட ரெண்டு மடங்கு வரைக்கும்கூட கால் ஊனாம வைப்பாங்க, அதனால பத்து வாரத்தை மட்டும் வச்சு பயப்பட வேண்டாம்.

ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட், இப்ப எவ்வளவுன்னு பாருங்க. 7 பக்கத்துல இருந்தா நல்லது, ஆனா ஒரேயடியா இறக்கப் போய் லோ சுகர் வந்து மறுபடி விழுந்துடக் கூடாது. மாத்திரையில பியோகிளிட்டசோன் இருந்தா, அது எலும்பு முறிவு ரிஸ்க்கை கூட்டும்ங்கிறதால மாத்தலாமான்னு கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. வைட்டமின் டி ஒரு தடவை பாத்துடுங்க.

கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டி வேற இடத்துல உருவாகியிருக்கலாம்னு அர்த்தம், அப்ப அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க.