ரெண்டரை லட்சம் தர்றாங்களாம், கையெழுத்து போடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 34 வயசு, எலக்ட்ரீஷியன், சொந்தமா வேலை எடுத்து செய்றவர். மூணு மாசம் முன்னாடி பைக்ல போகும்போது பின்னாடி வந்த கார் இடிச்சு வலது தொடை எலும்பும் முட்டியும் உடைஞ்சு பிளேட் வெச்சிருக்கு. கார்காரர் மேல எப்.ஐ.ஆர் இருக்கு. இப்போ இன்சூரன்ஸ் சைடுல 2.5 லட்சம் உடனே தர்றோம்னு பேப்பர் நீட்டுறாங்க. ஆஸ்பத்திரியிலயே வந்து பார்த்த ஒரு ஆள், வக்கீல் செலவெல்லாம் நான் பாத்துக்கறேன், வர்றதுல 25 பர்சன்ட் குடுங்கங்கிறார். சம்பள சிலிப் இல்ல, அன்னைக்கு ஹெல்மெட்டும் போடல. என்ன செய்யட்டும் சார்?

பதில்: இன்சூரன்ஸ் பேப்பர்லயும் சரி, அந்த 25 பர்சன்ட் ஆள் நீட்டுற பேப்பர்லயும் சரி, கையெழுத்து போடாதீங்கம்மா.

அந்த 2.5 லட்சம் அவங்க மனசு வந்து சொன்ன தொகை இல்ல. மோட்டார் வாகன சட்டம் பிரிவு 164, யார் மேல தப்புன்னு நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், இறந்தா 5 லட்சம்னு வெச்சிருக்கு. தப்பு யார்துன்னு காட்டவே முடியாத கேஸ்ல, அல்லது நம்ம ஆள் மேலயே தப்பு இருக்கற கேஸ்ல, அது நல்ல வழிதான், நானே வாங்கிக்கோங்கன்னு சொல்லுவேன். ஆனா உங்களுக்கு பின்னாடி வந்து இடிச்சிருக்கான், எப்.ஐ.ஆரும் அவன் மேல இருக்கு. முறைப்படி அந்த 164 பணத்தை ஒத்துக்கிட்டு வாங்கிட்டா, பிரிவு 166ல போடற முழு இழப்பீட்டு மனு செல்லாம போயிடும்னு 2019 திருத்தத்துலயே எழுதி வெச்சுட்டாங்க, இதை பேப்பர் நீட்டுற யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க.

சரி, முழுசா போனா எவ்வளவுன்னு கேப்பீங்க. ஒரு கணக்குக்கு அவர் மாச வருமானம் 15,000னு வெப்போம். வருஷத்துக்கு 1,80,000. சொந்த தொழில், 40 வயசுக்கு கீழ, அதனால எதிர்கால வருமான உயர்வுக்கு 40 பர்சன்ட் சேர்க்கணும், இது சுப்ரீம் கோர்ட்டோட 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக 2,52,000. வேலை செய்யற திறன்ல 30 பர்சன்ட் போச்சுன்னு கோர்ட் எடுத்தா வருஷ இழப்பு 75,600. இதை வயசுக்கு ஏத்த ஒரு எண்ணால பெருக்குவாங்க, 34 வயசுக்கு சுப்ரீம் கோர்ட்டோட சரளா வர்மா தீர்ப்புப்படி அது 16. மொத்தம் 12,09,600. இது வருமான இழப்புக்கு மட்டும். மருத்துவ பில்லு, வலிக்கு, கூட இருந்து பாத்துக்கிட்டதுக்கு, படுத்திருந்த மாசங்களுக்கு எல்லாம் தனித்தனியா வரும். கண்டிப்பா இவ்வளவு கிடைக்கும்னு நான் சொல்லல, 2.5 எவ்வளவு சின்னதுன்னு தெரியறதுக்கு சொல்றேன்.

இந்த 30ங்கிற நம்பர்லதான் கேஸே நிக்கும். டாக்டர் காலுக்கு 40 பர்சன்ட் ஊனம்னு சர்டிபிகேட் குடுப்பார், கோர்ட் அதை அப்படியே எடுக்காது. 2010ல ராஜ்குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொன்னது, உடம்புல எத்தனை பர்சன்ட் போச்சுங்கிறது வேற, அவர் தொழில்ல எத்தனை பர்சன்ட் போச்சுங்கிறது வேற. அந்த வழக்குலயே 45 பர்சன்ட் சர்டிபிகேட், கோர்ட் எடுத்தது 20. அதே சமயம் உக்காந்து வேலை பாக்கறவருக்கு முட்டி மடங்காம போறதும், ஏணி ஏறி வயர் இழுக்கறவருக்கு மடங்காம போறதும் ஒண்ணா? இதை கோர்ட்டுக்கு புரிய வெக்கறதுதான் வக்கீலோட உண்மையான வேலை, டாக்டரை கூண்டுல ஏத்தி 'இவரால இனிமே ஏணி ஏற முடியுமா'ன்னு கேக்கணும், வெறும் சர்டிபிகேட்ட தூக்கி போட்டுட்டு வந்துட்டா எதிர் வக்கீல் அதை பாதியாக்கிடுவார்.

அடுத்தது நிறைய பேர் கோட்டை விடற இடம், ஏ.ஆர் காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்து பதிவேட்டோட (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) நகல். கேஷுவாலிட்டில முதல்ல யார் கூட்டிட்டு போனாங்களோ அவங்க பதட்டத்துல சொன்னதை டியூட்டி டாக்டர் எழுதி வெச்சிருப்பார். 'பைக் ஸ்கிட் ஆகி விழுந்தார்'னு ஒரு வரி இருந்தா போதும், இன்சூரன்ஸ்காரங்க அதை பிடிச்சுக்கிட்டு கார் இடிக்கவே இல்ல, பின்னாடி செட்டப் பண்ண கேஸ்னு வாதாடுவாங்க, நானும் ஒரு கேஸ்ல இந்த ஒத்த வரியோட மல்லுக்கட்டி இருக்கேன். அதனால அதை முதல்ல வாங்கி படிங்க. தப்பா இருந்தா கூட்டிட்டு போனவரையும், இடிச்சதை பாத்தவரையும் சாட்சியா இப்பவே பேசி வெச்சுக்கோங்க, ரெண்டு வருஷம் கழிச்சு தேடினா ஆளே கிடைக்க மாட்டாங்க.

சம்பள சிலிப் இல்லைன்னு பயப்படாதீங்க. 2014ல காய்கறி விக்கற ஒருத்தர் கேஸ்ல, இந்த மாதிரி தொழில்ல வருமான சான்று எதிர்பாக்கறதே நியாயமில்லன்னு சொல்லி சுப்ரீம் கோர்ட்டே மாசம் 6,500னு எடுத்துச்சு, விபத்து நடந்தது 2008ல. இருந்தாலும் பேங்க் பாஸ்புக், ஜிபே ஹிஸ்டரி, வேலை குடுத்தவங்க ரெண்டு மூணு பேர், லைசென்ஸ் இருந்தா அது, எல்லாம் எடுத்து வைங்க. ஹெல்மெட் விஷயம், அடி பட்டது கால்ல, ஹெல்மெட் போட்டிருந்தா மட்டும் தொடை உடையாம இருந்திருக்குமா? கேட்டா இதைத்தான் சொல்லணும்.

25 பர்சன்ட் ஆள் கதைக்கு வருவோம். வர்ற பணத்துல பங்கு பேசி கேஸ் நடத்தக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கு, ஆள் விட்டு கேஸ் பிடிக்கவும் கூடாது. அப்போ அந்த ஆள் யாருன்னு நீங்களே புரிஞ்சுக்கோங்க. ஏற்கனவே வெத்து பேப்பர்லயோ வக்காலத்துலயோ கையெழுத்து வாங்கியிருந்தா வக்கீலை மாத்திக்கலாம், ஆனா பாஸ்புக்கு செக் புக்கு மட்டும் கைமாற விட்டுடாதீங்க. பீஸை நேரா வக்கீல்கிட்டயே பேசுங்க, எழுதி கேளுங்க.

டைம் மேட்டர் முக்கியம். 2022 ஏப்ரல் 1க்கு அப்புறம் நடந்த விபத்துக்கு ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டம் சொல்லுது. அது சரியான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்கு போயிருக்கு, ஆனா அதை நம்பி நீங்க உக்காராதீங்க. போலீஸ் அனுப்பற ரிப்போர்ட்டையே மனுவா எடுக்க வழி இருக்குன்னு யாராச்சும் சொல்லுவாங்க, உண்மைதான், அனுப்பினாங்களான்னு யார் போய் பாக்கறது? கால் சரியானப்புறம் போடலாம்னும் தள்ளாதீங்க, மனுவை இப்போ போட்டுட்டு ஊன சர்டிபிகேட்டை ட்ரீட்மென்ட் முடிஞ்சப்புறம் காட்டலாம். விபத்து நடந்த ஊர்லதான் போடணும்னு இல்ல, நீங்க குடியிருக்கற இடத்து மோட்டார் விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்துலயே போடலாம்.

கம்பெனிக்கு நிஜமாவே செட்டில் பண்ற எண்ணம் இருந்தா தீர்ப்பாயத்துக்கு முன்னாடி வந்து ஆஃபர் குடுக்கட்டும், அல்லது லோக் அதாலத்துல பேசலாம். அங்க ஒத்துக்கிட்டா அப்பீல் கிடையாது, அதனால ஊன அளவு தெரியாம அங்கயும் தலையாட்டாதீங்க.

நாளைக்கு முதல் வேலையா ஏ.ஆர் காப்பிக்கு எழுதி குடுங்க, எப்.ஐ.ஆர் காப்பியும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு பைல்ல போடுங்க, ஒரிஜினல் பில்லை யார் கேட்டாலும் ஜெராக்ஸ் எடுக்காம குடுக்காதீங்க.