துவாலுவுக்கு இரக்கம் தேவையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பசிபிக் கடலில் இருக்கும் துவாலு நாட்டைப் பற்றி அண்மையில் படித்தேன். மொத்த மக்களே பதினோராயிரம் பேர்தான். அதில் 8,000-க்கும் மேற்பட்டோர் 2025-இல் ஆஸ்திரேலிய விசாவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். ஒரு நாடே மூட்டை கட்டுகிறதே என்று மனம் கனத்துவிட்டது. ஆனால் என் அலுவலக நண்பர், "எல்லாம் கட்டுக்கதை. அந்தத் தீவுகள் வளர்கின்றன என்று ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வே சொல்கிறது" என்கிறார். எது உண்மை? மூழ்குவதற்குள் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றும் ஆசை.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொல்லும் ஆய்வு உண்மையானதுதான். 2018-இல் வெளிவந்தது. 1971 முதல் 2014 வரையிலான படங்களை ஒப்பிட்டு, துவாலுவின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதாகக் கண்டறிந்தார்கள். பவளத்திட்டின் உடைசல்களை அலை அள்ளி வந்து கரையில் கொட்டுகிறது; ஓரிடத்தில் அரிக்கிறது, வேறிடத்தில் சேர்க்கிறது. கடல்மட்டம் உயரவில்லை என்று அந்த ஆய்வாளர்கள் எங்கும் சொல்லவில்லை. அது உங்கள் நண்பர் தாமாகச் சேர்த்துக்கொண்டது. ஆளில்லாத் திட்டு ஒன்றின் ஓரத்தில் மணல் சேர்ந்தால், தலைநகர் ஃபுனாஃபுட்டியில் வீட்டு வாசலில் உப்புநீர் தேங்கி நிற்பவருக்கு என்ன லாபம்?

நிலத்தை அளப்பதைவிட ஒரு புலாக்காக் குழியை எட்டிப் பார்ப்பது மேல். புலாக்கா நம் சேப்பங்கிழங்கின் உறவு, ஆனால் ஆளை மறைக்கும் உயரத்துக்கு இலை விடும். பவளத்தீவில் ஆறு கிடையாது, குளம் கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. அந்த நன்னீர் தட்டுப்படும் ஆழம் வரை பவளத்தை வெட்டி, தழையும் குப்பையும் போட்டு மட்கவைத்து, மண்ணே இல்லாத இடத்தில் மண்ணை உண்டாக்கி அதில் கிழங்கை நடுகிறார்கள். இந்தக் குழிகள் குடும்பங்களின் சொத்து. இன்று பல குழிகளில் உப்பு ஏறி, கிழங்கு அழுகிப்போகிறது. கடல் கரையைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பதில்லை. பெரிய ஓதத்தின்போது தரைக்கு அடியிலிருந்தே ஊறி மேலே வருகிறது. பவளத்தீவுகள் அமிழும் எரிமலைகளின் மேல் வளர்ந்தவை என்ற டார்வினின் கருத்தைச் சோதிக்க, 1890-களின் கடைசியில் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஃபுனாஃபுட்டியில் துளையிட்டது. சுமார் 340 மீட்டர் போயும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. பவளச் சுண்ணாம்புதான் வந்துகொண்டே இருந்தது. இப்படிப்பட்ட தரையில் சுவர் எழுப்பினால் அலையைத் தடுக்கலாம், ஊற்றைத் தடுக்க முடியாது.

இந்தச் சீரழிவு முழுவதையும் பருவநிலையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 1942 அக்டோபரில் அமெரிக்கப் படை ஜப்பானை எதிர்க்க ஃபுனாஃபுட்டியில் இறங்கியது. விமான ஓடுதளத்துக்காகத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார்கள். நல்ல புலாக்காக் குழிகளை மூடினார்கள். மூடுவதற்கான பவளத்தைத் தீவின் வேறு இடங்களில் தோண்டி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளங்களை அப்படியே விட்டுப் போனார்கள். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றில் உவர்நீரும் குப்பையும் நிறைந்திருக்க, ஓரத்தில் ஏழைகள் கால் நட்டு வீடு கட்டி வாழ்ந்தார்கள். நியூசிலாந்து உதவியுடன் காயல் மணலைக் கொண்டு அவை தூர்க்கப்பட்டது 2015-இல்தான். அதற்கும் முன்பு, 1863-இல், பெருவிலிருந்து வந்த ஆள்பிடிக் கப்பல்கள் ஃபுனாஃபுட்டி, நுகுலாயிலாய் தீவுகளிலிருந்து சில நூறு பேரை ஏமாற்றி ஏற்றிச் சென்றன. நுகுலாயிலாயில் பெரும்பகுதி மக்கள் போனார்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டுத் துவாலுவின் ஆபத்தைப் பற்றிப் பேசுகிற கட்டுரைகள் எனக்கு உவப்பில்லை.

உங்கள் இரக்கத்துக்கு வருகிறேன். இவர்கள் இரக்கத்துக்குக் காத்திருந்தவர்கள் அல்லர். கில்பர்ட் தீவுகளோடு (இன்றைய கிரிபாட்டி) சேர்த்து ஒரே பிரிட்டிஷ் காலனியாக இருந்தார்கள். பசிபிக் தீவு இனங்களில் மைக்ரோனீசியர் அங்கே பெரும்பான்மை, பாலினீசியரான இவர்கள் சிறுபான்மை. 1974-இல் பிரிவினை வாக்கெடுப்பு நடந்தபோது பிரிட்டன் ஒரு நிபந்தனை வைத்தது: பிரிந்தால் காலனியின் பாஸ்பேட் சுரங்க வருமானத்தில் பங்கில்லை, காலனியின் சொத்தில் ஒரே ஒரு கப்பல் மட்டும். பயந்து ஒதுங்குவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. 90 சதவீதத்துக்கும் மேல் பிரிவுக்கே வாக்களித்தார்கள். 1978 அக்டோபர் 1 அன்று சுதந்திரம்.

கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கியவர்களின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். நன்கொடை நாடுகளிடம் பேசி 1987-இல் ஓர் அறக்கட்டளை நிதியை உருவாக்கினார்கள். விலைவாசிக்கு ஏற்ப முதலீட்டின் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டு, மிஞ்சும் வருவாயை மட்டும் எடுப்பது ஏற்பாடு. நிலம் 26 சதுர கிலோமீட்டர், ஆனால் உரிமையுள்ள கடல் 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். சூரை மீன் பிடிக்க வரும் அயல்நாட்டுக் கப்பல்களிடம் உரிமக் கட்டணம் வாங்குகிறார்கள். இணைய முகவரியில் இவர்களுக்கு வந்த 'டிவி' என்ற இரண்டு எழுத்தைக் குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் 2000-இல் ஐ.நா.வில் உறுப்பினரானார்கள். அன்றைய துவாலு வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே முழங்கால் ஆழக் கடலில் நின்று பேசிய 2021 காணொலி உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அது அவர்களே திட்டமிட்டு எடுத்த படம். 2023-இல் நிலம் போனாலும் துவாலு என்ற அரசு நீடிக்கும் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள். நிலம் போனால் கடலின் மீதான உரிமையும் போய்விடக் கூடாது அல்லவா?

ஆஸ்திரேலியாவுடன் 2023-இல் கையெழுத்தான ஃபலேபிலி ஒப்பந்தமும் பேரம்தான். நீங்கள் படித்த விசா இதன்படி வந்ததுதான்: குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 280 பேருக்கு நிரந்தரக் குடியிருப்பு. போய் வரலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம், திரும்பிவிடலாம். கடல் உயர்ந்தாலும் துவாலுவின் இறையாண்மை தொடரும் என்று ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, வேறு நாட்டோடு பாதுகாப்பு உடன்பாடு செய்வதானால் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். விலை அதிகம் என்றே நினைக்கிறேன்; துவாலுவிலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. கையெழுத்திட்ட பிரதமர் நடானோ அடுத்த தேர்தலில் தொகுதியையே இழந்தார்.

ஆகவே அந்த 8,000 என்பது குடும்பத்தோடு சேர்த்துக் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கை. மூட்டை கட்டியவர்களின் எண்ணிக்கை அல்ல. ஆனாலும் என் கவலை அங்கேதான். ஆண்டுக்கு 280 என்றால் கிட்டத்தட்ட நாற்பதில் ஒருவர். நியுவே தீவைப் பாருங்கள்: அதுவும் பாலினீசியாதான், ஆனால் செங்குத்தான கரையோடு கடலுக்கு மேல் அறுபது மீட்டருக்கும் அதிகமாக எழுந்து நிற்கும் தீவு. அதைக் கடல் விழுங்கப் போவதில்லை. நியுவே மக்களுக்கு நியூசிலாந்துக் குடியுரிமை உண்டு. 1960-களில் 5,000 பேர் இருந்த தீவில் இன்று 2,000 பேர்கூட இல்லை; நியூசிலாந்தில் அதைப்போலப் பல மடங்கு நியுவேக்காரர்கள் இருக்கிறார்கள். துவாலுவிலும் முதலில் போகக்கூடியவர்கள் செவிலியர்களும் ஆசிரியர்களும் எலக்ட்ரீஷியன்களும்தான். இவர்கள் இல்லாத தீவில் மற்றவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? கடல் வந்து சேரும்வரை தீவு காலியாவது காத்திருக்காது.

நீங்கள் போக விரும்பினால் தாராளமாகப் போங்கள். சாவு வீட்டுக்குப் போகிறவரைப் போல மட்டும் போகாதீர்கள். ஃபிஜியின் சுவாவிலிருந்து வாரத்தில் சில நாள்தான் விமானம். விமானம் வராத மாலைகளில் அந்த ஓடுதளத்தில் பிள்ளைகள் கால்பந்து ஆடுவார்கள். வரும்போது சைரன் ஊதி எல்லோரையும் விலக்குவார்கள். ஆஸ்திரேலிய டாலரை ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். நாட்டின் முதல் ஏடிஎம் வந்ததே 2025 ஏப்ரலில்தான்.

அன்புடன்