கடுகும் பச்சரிசியும்

அன்புள்ள ஐயா,

கானாடுகாத்தானில் ஊருணியை ஒட்டிய பள்ளமான மனை எங்களுடையது. வீடு கட்ட எம்-சாண்ட் கொட்டி மேடாக்குகிறார் மேஸ்திரி. "இது முனை முனையா இருக்கும், ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும், திமிசு போட்டு இடிச்சு இறுக்கவே வேண்டாம்" என்கிறார். நிலநடுக்கத்தில் தண்ணீர் ஊறிய மணல் கூழாகிக் கட்டடம் சாய்வதைப் பற்றி நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. மணல் மணியின் வடிவம் அவ்வளவு முக்கியமா? கணினியில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

ரா.

அன்புள்ள ரா.,

பிடித்துக்கொள்ளும் என்பது சரி. திமிசு வேண்டாம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பிடி கடுகைக் கொட்டினால் தரையெல்லாம் ஓடும். பச்சரிசி கொட்டிய இடத்திலேயே குவியும். ஆற்று மணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது, கடுகுக்குக் கிட்டே. எம்-சாண்ட் பாறையை உடைத்து வருவது. ஒரு சிட்டிகையை லென்ஸில் பாருங்கள், கண்ணாடிச் சில்லு போல இருக்கும்.

1979-ல் பீட்டர் கண்டால், ஓட்டோ ஸ்ட்ராக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணினிக்கான ஒரு கணக்குமுறையை வெளியிட்டார்கள். எந்த மணி எதைத் தொடுகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று ஒவ்வொரு மணியாகப் பின்தொடரும் முறை. அவர்கள் வட்டத் தட்டுகளை வைத்துச் செய்தார்கள், அப்புறம் உருண்டைகள் வந்தன. உருண்டையில் கணக்கு சுலபம். ஆனால் அது நிஜ மணலைவிட எளிதாக உருண்டுவிடும். அதனால் நாலைந்து உருண்டைகளை ஒட்டி ஒரே மணியாக்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இது: பல கணக்குகளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. கனஅளவை மாறாமல் வைத்துக்கொண்டு ஆட்டுகிறார்கள். வெளியேற வழியில்லாத தண்ணீர் செய்வதும் அதைத்தானே! ஆட்ட ஆட்டத் தொடுகைகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். கடைசியில் மணிகள் மிதக்கும், மணல் கூழாகும். 1964-ல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் அதிகம் உடையாமலே சாய்ந்து படுத்தது அப்படித்தான்.

ஒரே நெருக்கத்தில் இருந்தால், முனையுள்ள மணி சுலபத்தில் திரும்பாது, பொதுவாகக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் சும்மா கொட்டும்போது அதே முனைகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நடுவில் நிறைய இடைவெளி விட்டுவிடும். படியில் நெல்லை அள்ளிப் போட்டுக் குலுக்கினால் இறங்குமே, அந்த இறக்கம் உங்கள் மனையில் இன்னும் பாக்கி இருக்கிறது.

நம் பக்கம் நிலநடுக்க ஆபத்து குறைவு. அதற்காக நான் பயப்படவில்லை. மழைக்காலத்தில் ஊருணித் தண்ணீர் ஊறி மணல் இறங்கினால், தரையில் நீங்கள் ஆசையாகப் போடும் ஆத்தங்குடிக் கல் விரிசல் விடும். அரையடிக்கு ஓர் அடுக்காகப் பரப்பி, நனைத்து, திமிசு போடச் சொல்லுங்கள். அடுத்த அடுக்கு கொட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.