6 வோல்ற் உழவு இயந்திரத்தை 12க்கு மாற்றுவது: கேள்வி பதில்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன மின்வேலைக் கடை வைத்திருந்தவன் நான். இப்போது இடுப்பு விடாததால் பதில் சொல்வதோடு சரி. பழைய பெற்றோல் மெசின்களைப் பற்றிக் கேளுங்கள். கேட்பவர்களை ஊர்ப்பெயரில் போட்டிருக்கிறேன். ஒரு நிபந்தனை: வயரில் கை வைக்குமுன் பற்றரியின் எர்த் வயரை, அதாவது வண்டியின் இரும்போடு பூட்டிய வயரை, கழற்றிவிட வேண்டும். இந்தப் பழசுகள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். கறுப்பு வயர் என்று பார்த்து ஏமாறாதீர்கள்.

வத்தளை: அண்ணா, தாத்தாவின் சாம்பல் நிற பெர்குசன் டீஈ20, 6 வோல்ற். கியர் தடியை ‘எஸ்’ பக்கம் தள்ளினால் ஸ்ராட்டர் முனகுகிறது, சுற்றவில்லை. 12க்கு மாற்றினால் சரியாகுமா?

சரியாகும், தம்பி. ஆனால் நோய் அதுவல்ல என்றே நினைக்கிறேன். உங்கள் பற்றரி வயர் எவ்வளவு தடிப்பு? கார் வயரை வெட்டிப் போட்டிருப்பார்கள். அதே வேலையைச் செய்ய 6 வோல்ற்றுக்கு இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும். அரை வோல்ற் வழியில் தொலைந்தால் 12இல் அது நூற்றுக்கு நாலு, 6இல் நூற்றுக்கு எட்டு. மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் வயர். பெயின்ற்றைச் சுரண்டி, விரல் தடிப்பில் செம்பு வயர் போட்டுவிட்டு வாருங்கள். சும்மா நிற்கும் பற்றரி 6.3 காட்ட வேண்டும், அதையும் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை: மெசி பெர்குசன் 35 டீசல். இதை எப்படி 12 ஆக்குவது?

அது ஏற்கனவே 12. மூடி உள்ள பற்றரி என்றால் மூடிகளை எண்ணுங்கள். ஒரு செல் 2 வோல்ற். ஆறு மூடி என்றால் 12.

வெள்ளவத்தை: போர்ட் 8என் வாங்கியிருக்கிறேன். 12 வோல்ற் பற்றரியை மட்டும் போட்டு ஓட்டலாமா?

ஓடும். கொஞ்ச நேரம். பிளக்குக்குப் பொறி உண்டாக்கும் 6 வோல்ற் கொயிலின் தடை ஏறக்குறைய ஒன்றரை ஓம், அதாவது 4 அம்பியர். 12 கொடுத்தால் 8 அம்பியர். சூடு இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு: 24 வாற் இருந்த இடத்தில் 96. கொயிலுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் பொயின்ற் கருகும், கொயில் உருகி வழியும். 3 ஓம் உள்ள 12 வோல்ற் கொயில் போடுங்கள், அல்லது பழைய கொயிலுக்கு முன் ஒன்றரை ஓம் ரெசிஸ்டர். 8என்னின் முதல் மொடல்களில் கொயில், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். கண்ட கொயிலும் அதில் பொருந்தாது, அதற்கென்றே செய்த 12 வோல்ற் கொயில் கிடைக்காவிட்டால் ரெசிஸ்டர்தான் வழி. பல்புகளை மாற்றுங்கள். பழைய வயர்கள் போதும், கரண்ட் பாதியாகிறதே. ஸ்ராட்டரையும் மாற்ற வேண்டாம், ஆனால் ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். 12இல் அது வேகமாகப் பாய்வதால் பிளைவீல் பல்லும் உடையலாம்.

மருதானை: நானா, பற்றரியைச் சார்ஜ் பண்ணும் பழைய டைனமோவுக்குப் பதிலாக ரீகண்டிஷன் ஜப்பான் அல்டர்னேற்றர் போட்டேன். இப்போது சாவியை மூடினாலும் எஞ்சின் நிற்கவில்லை!

சிரிப்பு வந்தாலும் நல்ல கேள்வி. அல்டர்னேற்றரை எழுப்பும் அந்தச் சின்ன வயர் வழியாகக் கரண்ட் திரும்பிவந்து கொயிலுக்குத் தீனி போடுகிறது. நடுவில் ஒரு சார்ஜ் பல்ப் போடுங்கள், அல்லது கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட். நின்றுவிடும்.

தெஹிவளை: பிளஸ் எர்த்தை மாற்றுவது பாவம். அந்தக் காலத்து எஞ்சினியர்மார் துருப்பிடிக்காமல் இருக்கத்தான் அப்படி வைத்தார்கள். நம் கடல்காற்றுக்கு அதுதான் நல்லது.

வந்துவிட்டார்! ஐயா, கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு உப்புத்தான் எதிரி. பிளஸா மைனஸா என்று உப்பு பார்ப்பதில்லை. 12 வோல்ற் டைனமோ போட்டுப் பிளஸ் எர்த்தை அப்படியே வைக்க விரும்பினால் வையுங்கள், தடையில்லை. ஆனால் சந்தையில் கிடைக்கும் அல்டர்னேற்றர் மைனஸ் எர்த்துக்குச் செய்தது. நானே ஒருமுறை அவசரத்தில் பழைய வழக்கப்படி பிளஸை வண்டியின் இரும்பில் கொடுத்துவிட்டேன். டயோட் எல்லாம் புகையாகிப் போய்விட்டது, என் கைக்காசு.

தெஹிவளை: அப்படியானால் மாற்றினதும் ஸ்ராட்டர் பின்பக்கம் சுற்றுமே?

சுற்றாது. ஸ்ராட்டருக்குள் நிலையாக நிற்கும் பீல்ட் சுருளும் சுழலும் ஆர்மேச்சரும் சேர்ந்தே திசை மாறுவதால் சுற்று மாறாது. மாற்ற வேண்டியவை வேறு. அம்மீற்றரின் இரண்டு வயரையும் இடம் மாற்றாவிட்டால் சார்ஜ் ஆகும்போது இறங்குவதாகக் காட்டும். கொயிலின் மெல்லிய வயர் இரண்டையும் மாற்றுங்கள்: பிளஸ் சாவிக்கு, மைனஸ் டிஸ்ரிபியூட்டருக்கு. அப்போதுதான் பிளக்கின் நடுக்கம்பி மைனஸாக இருக்கும். அந்த நடுக்கம்பிதான் அதிக சூடு. சூடான பக்கத்திலிருந்து பொறி இலகுவாகக் கிளம்பும். பழைய டைனமோவையே வைத்திருப்பவர்கள் அதற்குப் புதுத் துருவம் பழக்க வேண்டும். லூக்காஸ் டைனமோவில் இரண்டு வயரையும் கழற்றி, பற்றரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை ‘எஃப்’ முனையில் இரண்டு மூன்று முறை தொட்டு எடுத்தால் போதும்.

தெஹிவளை: இருந்தாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தான்.

அதை மறுக்கவில்லை, ஐயா. காட்சிக்கு நிற்கும் வண்டியை நானும் தொடமாட்டேன்.

கிராண்ட்பாஸ்: 8 வோல்ற் பற்றரி?

வேண்டாம். 6 வோல்ற் டைனமோ அதை நிரப்பாது. நிரப்பும்படி வோல்ற்றைத் திருகி ஏற்றினால் பல்ப் போகும்.

தெமட்டகொடை: இரண்டு 6 வோல்ற் பற்றரியைத் தொடராகக் கட்டி, லைற்றுக்கு மட்டும் ஒன்றிலிருந்து எடுக்கலாமா?

ஒன்று பட்டினி, மற்றது அசீரணம். இரண்டும் சாகும்.

நீர்கொழும்பு: என் மெசி 35க்கு 24 வோல்ற் போட்டால் காலையில் சீக்கிரம் பற்றுமா?

ஸ்ராட்டர்தான் பற்றும். காற்று உள்ளே போகும் இன்ரேக் மனிபோல்டில் தேர்மோஸ்ராட், அதாவது குளிரில் பற்றவைக்க அந்தக் காற்றைச் சூடாக்கும் கருவி, வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

வத்தளை: அண்ணா, எர்த் வயர் மாற்றினேன். பழையதை வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சைத்தூள். இப்போது ஒரே சுற்றில் பற்றுகிறது. இனி 12க்கு மாற்ற வேண்டுமா?

எதற்கு? இரவில் உழப்போகிறீர்களா? புது வயரைப் பூட்டும்போது எர்த்தைக் கடைசியாகத்தானே மாட்டினீர்கள்?

வத்தளை: …முதலில்.

அடுத்த முறை ஸ்பானர் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும்போது அதுவே உங்களுக்குச் சொல்லித்தரும்.

களுபோவில: சேர், என்னிடம் மெசி பெர்குசன் 35 இருக்கிறது. இதை 12 வோல்ற்றுக்கு…

மூடியை எண்ணுங்கள்.