கொதிக்கிற உலையில் தீயைக் கூட்டினால் தண்ணீர் இன்னும் சூடாகுமா?

ஆகாது. திறந்த பானையில் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். விறகை எவ்வளவு தள்ளினாலும் அதே 100தான். சீக்கிரம் வற்றும், அவ்வளவே.

வெப்பநிலை என்பது பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்ற அளவு. வெப்பம் என்பது அதற்குள் போகும் ஆற்றல். கொதி வந்தபின் போகும் ஆற்றலெல்லாம் தண்ணீர்த் துகள்களைப் பிரித்து ஆவியாக்கவே செலவாகிறது. கொஞ்சநஞ்சச் செலவல்ல: 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சுமார் 290 கிலோஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) போதும், முழுதும் ஆவியாக்க மேற்கொண்டு 2,260 வேண்டும்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் தண்ணீர் மட்டம் அதுவரைதான் ஏறும். அப்புறம் வாய்க்காலை எவ்வளவு திறந்துவிட்டாலும் வழிந்து அடுத்த வயலுக்குத்தான் போகும். மட்டம்தான் வெப்பநிலை, வழிவது ஆவி.

நெல் அவிக்கிற அண்டாவில் அடியில்தான் கொஞ்சம் தண்ணீர். மேலே குவித்த நெல்லை அவிப்பது ஏறிவரும் ஆவி. நெல்லில் பட்டுத் தண்ணீராகும்போது வாங்கிய அந்த 2,260-ஐ அங்கே இறக்கிவிடுகிறது. ஆவி பட்டால் கை அப்படிக் கொப்பளிப்பதும் இதனால்தான்.

சரி, அண்டாவின் மேல் வெள்ளையாகப் புகைகிறதே, அதுதான் ஆவி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆவி கண்ணுக்குத் தெரியாது, அந்த வெள்ளை குளிர்ந்து மறுபடி துளியாகிவிட்ட தண்ணீர்.