"என்னத் தெரியுதா"ன்னு கேக்காதீங்க, பேரச் சொல்லிட்டுப் பேசுங்க

விக்கிரமசிங்கபுரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவுதாம், வீட்டுக்காரிக்கு ஆளுக மூஞ்சி அடையாளம் பிடிபட மாட்டேங்குது, சின்னதுல இருந்தே அப்படித்தானாம். தெருவுல பெரியத்த எதுக்க வந்தாக்கூட பேசாமப் போயிருதாங்க, "டவுனுக்காரி, மண்டக்கனம்"னு ஊருக்குள்ள பேச்சு. அடுத்த மாசம் கோயில் கொடைத் திருவிழா, சொந்தபந்தம் பூரா வந்து எறங்கும், இத ஊர்ல எப்படிச் சொல்லிப் புரிய வைக்கன்னு கேக்காரு.

தம்பி, நேர்ல பாக்காம உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா நீங்க சொல்லுதத வச்சுப் பாத்தா இது புரோசோபக்னோசியா மாதிரிதான் இருக்கு. 1947ல போடாமர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் வச்ச பேரு. கண்ணு நல்லாத் தெரியும், புத்தி நல்லா வேலை செய்யும், மூளையோட அடிப்பக்கம் மூஞ்சிகளப் பிரிச்சுப் பாக்கதுக்குன்னே இருக்க எடம் மட்டும் சரியா ஒத்துழைக்காது. கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் அந்தப் புள்ளைக்குத் தெரியும், சேத்து வச்சு "இது இன்னாரு"ன்னு மட்டும் வராது. நூத்துக்கு ரெண்டு பேருக்குப் பக்கம் ஏதோ ஒரு அளவுல இது இருக்கலாம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்லுதாங்க, நெறைய குடும்பத்துல பரம்பரையாவும் வருது. சிம்பன்சி ஆராய்ச்சி பண்ண ஜேன் குடாலுக்கு இருந்துச்சு, நரம்பியல் டாக்டர் ஆலிவர் சாக்ஸுக்கும் இருந்துச்சு. அதனால படிப்புக்கும் அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

இதுக்கு மாத்திரை கெடையாது. 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல உள்ள 21 வகைலயும் இது தனியா இல்ல, அதனால சுத்தி இருக்கவங்க புரிஞ்சு நடந்துக்கிடததுதான் பெரிய ஒத்தாச.

நம்ம பக்கம் ஒரு பழக்கம் உண்டு பாத்தீங்களா, ரொம்ப நாள் கழிச்சுப் பாத்தா கையப் பிடிச்சுக்கிட்டு "என்னத் தெரியுதா, யாரு சொல்லு பாப்போம்"னு கேப்பாவ. பாசத்துலதான் கேக்காவ, எனக்குத் தெரியும், ஆனா அந்தப் புள்ளைக்கு அது நாலு பேருக்கு முன்னால வைக்கிற பரீட்சை. பதில் வராது, முழிக்கும், கேட்டவுக மனசு சங்கடப்படும். நீங்க ஊர்ல மாத்த வேண்டியது இந்த ஒண்ணுதான்: பாத்த உடனே "நாந்தாம் தாயி, கடையத்துப் பெரியம்ம"ன்னு பேரோ மொறையோ சொல்லிட்டுப் பேச்ச ஆரம்பிக்கணும். அவ்வளவுதான், காசா பணமா.

ஆனா ஊர்ல சொல்லுததுக்கு முன்னால உங்க வீட்டுக்காரிட்ட கேளுங்க, யார்ட்ட சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம்னு. அவங்க சரின்னு சொன்னப்புறம் உங்க அம்மாகிட்ட, மைனிகிட்ட மொதல்ல சொல்லுங்க, ஏன்னா மாமியாரே "எம் மருமகளுக்கு மூஞ்சி பிடிபடாது, நீ ஒம் பேரச் சொல்லிட்டுப் பேசு"ன்னு சொன்னா அதுக்கு அப்பறம் தெருவுல மறுபேச்சு இருக்காது. சொளவ மடில வச்சு பீடி சுத்துற பொம்பளைங்க நாலு பேரு காதுல விழுந்தாப் போதும், சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சிரும். மகளிர் குழுக் கூட்டத்துலயும் சொல்லலாம். நோயி, வியாதின்னு பெருசா விளக்க வேண்டாம், "பொறவிலயே அப்படி, குரலயும் நடையயும் வச்சுத்தான் ஆளக் கண்டுபிடிப்பா, கண்டுக்காமப் போனா நீங்களே கூப்பிடுங்க"ன்னா பாட்டிமாருக்கும் புரியும்.

கொடைல தான் உண்மையான கஷ்டம் இருக்கு, அதக் கொஞ்சம் யோசிங்க. சாதாரண நாள்ல அவங்க ஆளக் கண்டுபிடிக்கது குரல், நடை, கொண்டை, வழக்கமா உடுத்துற சேலை இத வச்சு. கொடைல எல்லாரும் புதுச்சேலை, தலை நெறய பூவு, ஸ்பீக்கர்ல வில்லுப்பாட்டும் மேளமும் அலறும்போது குரலும் கேக்காது, பிடிச்சு நிக்க ஒரு கம்பு கூட இல்லாம போயிரும். வீட்டுல வெவரமான பொம்பளப்புள்ள ஒண்ணக் கூடவே நிறுத்துங்க, ஆள் வரும்போதே "அக்கா, ஆழ்வார்குறிச்சி அத்த வாராவ, பச்சச் சேல"ன்னு காதுல சொல்லிட்டாப் போதும். நீங்களும் கூட்டத்துல பிரிஞ்சா எங்க நிப்போம்னு முன்னாலயே பேசி வச்சுக்கிடுங்க, என்ன கலர் சட்டைன்னு காட்டிட்டுப் போங்க, நடுவுல சட்டைய மாத்திராதீங்க. புருஷனயே தெரியலயான்னு யாராவது கேட்டா நீங்க முன்னால நின்னு பதில் சொல்லணும், அந்தப் புள்ளைய விடக்கூடாது.

ஆன்லைன் டெஸ்ட் எழுதிப் பாக்கலாமான்னு கேட்டீங்க. பிரபலமான டெஸ்ட்டுகள்ல பலது வெள்ளக்காரங்க மூஞ்சிய வச்சு செஞ்சது, நமக்குப் பழகாத மூஞ்சிங்கிறதால நல்லா இருக்கவங்களுக்கே மார்க் கொறைய வாய்ப்பு உண்டு, அத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. நேர்ல ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டயோ நரம்பு டாக்டரயோ பாருங்க. பின்னால கொழந்தை பொறந்தா அதுக்கும் இருக்கான்னு கவனிக்கணும், ஸ்கூல் வாசல்ல அம்மாவத் தேடி முழிக்குதா, யூனிபார்ம்ல கூட்டாளியப் பிரிச்சுப் பாக்கத் தெரியலயான்னு.

இத வாசிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணு. நேத்து வரை எல்லாரயும் கண்டுபிடிச்ச ஆளுக்கு இன்னிக்கு திடீர்னு மூஞ்சி தெரியலன்னா அது வேற சமாச்சாரம், பக்கவாதமா இருக்கலாம், தலைல அடிபட்டதுல வந்ததாவும் இருக்கலாம். படுத்து எந்திரிச்சாச் சரியாப் போயிரும்னு உக்காந்துராதீங்க, உடனே 108க்குப் போன் போட்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.