காலையில் மட்டும் திறக்காத கேஸ் வால்வு

கேள்வி: எங்கள் பாய்லரைக் காலையில் முதன்முறை எரியூட்டும்போது பைலட் சுடர் (பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடர்) பிடிக்கிறது, ஆனால் மெயின் கேஸ் வால்வு திறப்பதில்லை. இரண்டு மூன்று முறை ரீசெட் செய்தபின் திறந்து, மாலை வரை தொல்லையின்றி ஓடுகிறது. வால்வை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். விடிந்ததும் அடம்பிடித்துப் பிறகு நாள் முழுவதும் சொன்னபடி கேட்கும் வால்வின் மீது எனக்கு அவ்வளவாகச் சந்தேகம் வருவதில்லை. பாய்லர் நின்றிருந்த இரவில் என்ன மாறியது என்று தேடுங்கள்.

மெயின் கேஸ் வால்வு ஒரு பாதுகாப்பு வால்வு. அது மின்சாரத்தால் திறக்கும், ஸ்பிரிங்கால் மூடும். எனவே திறக்கும்படி அதற்கு உத்தரவு வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது திறக்க வேண்டிய நேரத்தில் ஆக்சுவேட்டரின் (வால்வைத் திறக்கும் கருவியின்) முனைகளிலேயே மீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். பேனலில் அளப்பது போதாது. வழியில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால் பேனலில் முழு வோல்ட்டேஜ் காட்டும், வால்வில் சுமை ஏறியதும் சரிந்துவிடும். மின்சாரமே வரவில்லை என்றால் கோளாறு இன்டர்லாக் சுவிட்சுகளிலோ (ஏதாவது சரியில்லையென்றால் மின்சாரத்தைத் தடுக்கும் பாதுகாப்புச் சுவிட்சுகள்) ரிலேயிலோ ஒயரிங்கிலோ இருக்கிறது.

மின்சாரம் சரியாக வந்தும் வால்வு அசையவில்லையா? அப்படியானால் அதற்கு முன்னால் இருந்து கேஸின் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டரைத்தான் பிடிப்பேன். அதன் சீட்டில் (மூடும்போது தட்டு உட்காரும் இடத்தில்) துரும்போ துருவோ சிக்கியிருந்தால், பாய்லர் நின்ற பிறகும் கேஸ் துளித்துளியாகக் கசிந்து வந்துகொண்டே இருக்கும். விடிவதற்குள் ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் இடைப்பட்ட குழாயில் அழுத்தம் சப்ளை அழுத்தம் வரை ஏறிவிடலாம். பல வால்வுகளில் இந்த அழுத்தம் வால்வின் மூடுதட்டை மூடும் திசையில் அழுத்துகிறது. உள்ளேயிருந்து ஒருவர் முதுகு கொடுத்து நிற்கும் கதவைத் தள்ளுவது போல ஆக்சுவேட்டர் திணறும். பைலட் லைன் ரெகுலேட்டருக்குப் பிறகு பிரிகிறது என்றால், ஒவ்வொரு முயற்சியிலும் பைலட் கொஞ்சம் கேஸை எரித்து அழுத்தத்தை இறக்கும். மூன்றாவது ரீசெட்டில் திறப்பதன் மர்மம் இதுவாக இருக்கலாம்.

சரிபார்ப்பது எளிது. இரவில் பாய்லர் நின்ற சில நிமிடங்களில் அந்தக் குழாயின் கேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எதையும் தொடுவதற்கு முன் மறுபடி பாருங்கள். ஓட்டம் நின்றதும் அழுத்தம் சற்று உயர்வது இயல்பு. இரவு முழுவதும் ஏறிக்கொண்டே போயிருந்தால் ரெகுலேட்டரைப் பழுதுபாருங்கள், கூடவே வடிகட்டியையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். முள் நகரவில்லை, பாய்லர் அறையோ கடுங்குளிர் என்றால், ஆக்சுவேட்டரின் எண்ணெய் கெட்டியாகித் தாமதிக்கிறதா என்று பாருங்கள்.

அதுவரை ரீசெட் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். வால்வைத் தட்டிப் பார்ப்பதும், மூடியதை உறுதிசெய்யும் சுவிட்சை ஒயர் போட்டுத் தாண்டுவதும் அறவே கூடாது. திறக்காத வால்வால் உற்பத்திதான் நிற்கும். மூடாத வால்வு உலைக்குள் கேஸை நிரப்பிவிடும்.

ஆகவே ரெகுலேட்டர் வேலை முடிந்ததும், தகுதியுள்ள டெக்னீஷியனைக் கொண்டு வால்வின் கசிவையும் சோதியுங்கள். டெஸ்ட் காக்கிலிருந்து (சோதனைக்கான சிறு திறப்பிலிருந்து) வரும் சிறு குழாயின் நுனியைக் கோப்பை நீரில் லேசாக அமிழ்த்திக் குமிழ்களை எண்ணுவார்கள். எத்தனை வரை ஏற்கலாம் என்பது வால்வின் அளவைப் பொறுத்துத் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். இரண்டு வால்வுகளுக்கு நடுவே கேஸை வெளியே விடும் வென்ட் குழாய் இருந்தால் சோதனையின்போது அது மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் கசிவெல்லாம் அந்த வழியே போய்விடும், கோப்பையில் ஒரு குமிழும் வராது. முடிந்த கையோடு வென்ட்டைப் பழையபடி திறந்துவிட்டார்களா என்று நீங்களே நின்று பார்த்துவிடுங்கள்.